முதலில் பிரேக்... பிறகுதான் வேகம்! டெட்ராய்ட் உட்வர்டு சாலை சொல்லும் பாடம்

டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தொடங்கி, வடமேற்காக ஓடி, பான்டியாக் என்ற ஊரில் போய் முடிகிறது உட்வர்டு அவென்யூ. நீளம் சுமார் 43 கிலோமீட்டர். கிட்டத்தட்ட கிண்டியில் கிளம்பி செங்கல்பட்டைத் தொடும் தூரம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இந்தச் சாலைக்குக் கொடுத்திருக்கும் எண், எம்-1.

ஆண்டு முழுக்க இது சாதாரண நகரச் சாலைதான். வங்கி, மருந்துக் கடை, பர்கர் கடை, சர்ச் எனப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால், ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை வந்தால் சாலையின் முகமே மாறிவிடும். ஐம்பது, அறுபது வயதான கார்கள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி ஊர்ந்து போகும். நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்ப்பார்கள். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு தாத்தாக்கள் கார்களுக்குப் பெயர் சொல்வார்கள். நம்மூரில் தேரோட்டம் பார்க்கக் கூடும் கூட்டம் போலத்தான். இங்கே தேருக்கு வடம் இல்லை, வி-8 இன்ஜின் இருக்கிறது.

இந்தத் திருவிழாவின் பெயர் ‘உட்வர்டு ட்ரீம் க்ரூஸ்’. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்துவைத்த ஒவ்வொரு காரைச் சுற்றியும் ஒரு கூட்டம் நிற்கும். அங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். ‘இதில் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள்? முதலில் எதை மாற்றினீர்கள்?’

சின்னக் கேள்விதான். ஆனால், அதற்கான பதிலில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது. சில நேரம் உயிரும் இருக்கிறது.

பாதை சாலையான கதை

உட்வர்டு சாலையின் வடபகுதி, ஒருகாலத்தில் பூர்வகுடி மக்கள் நடந்து போன சாகினா தடத்தின் மேல் அமைந்தது. 1805-ல் டெட்ராய்ட் ஊரே தீயில் எரிந்து போனது. அதன் பிறகு நகரத்துக்குப் புதிதாக வரைபடம் போட்டவர் அகஸ்டஸ் உட்வர்டு என்ற நீதிபதி. சாலைக்கு அவர் பெயர்தான் நிலைத்தது.

மோட்டார் வாகன வரலாற்றில் பாதி இந்தச் சாலையை ஒட்டியே நடந்திருக்கிறது. ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் 1908-ல் பிறந்த பிக்கெட் அவென்யூ தொழிற்சாலை, உட்வர்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். அடுத்த ஆண்டு, 1909-ல், இதே சாலையில் ஆறாவது மைலுக்கும் ஏழாவது மைலுக்கும் நடுவே ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். அந்த ஒரு மைலைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்து சாலைப் பொறியாளர்கள் வந்தார்கள். 1913-ல் உட்வர்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஹென்றி ஃபோர்டு நகரும் உற்பத்தி வரிசையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை, சில மாதங்களில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது.

கார் பெருகினால் நெரிசலும் பெருகும் இல்லையா? 1920-ல் உட்வர்டும் மிச்சிகன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், வில்லியம் பாட்ஸ் என்ற டெட்ராய்ட் போலீஸ்காரர் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று நிறங்களும் கொண்ட சிக்னலை நான்கு பக்கமும் தெரியும்படி நிறுத்தினார். கார்களை ஓடவைத்த ஊரே, அவற்றை நிறுத்தவும் வழி கண்டுபிடித்தது.

பச்சை விழுந்ததும் பறந்தவர்கள்

எட்டாவது மைல் சாலையோடு டெட்ராய்ட் நகர எல்லை முடிகிறது. அதற்கு வடக்கே ஃபெர்ன்டேல், ராயல் ஓக், பெர்க்லி, பர்மிங்ஹாம் என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இங்கே உட்வர்டு நடுவில் புல்வெளித் திட்டு கொண்ட அகலமான இரட்டைச் சாலை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் நேராகப் போய், நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளியில் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். ‘மிச்சிகன் லெஃப்ட்’ என்று இதற்குப் பெயர்.

1950, 60-களின் இளைஞர்களுக்கு இந்த அமைப்பு வசதியாகப் போனது. ராயல் ஓக்கில் ‘டோட்டம் போல்’, வடக்கே ‘டெட்ஸ்’ என்று காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் டிரைவ்-இன் கடைகள் இருந்தன. ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போவது, யூ-டர்ன் அடிப்பது, திரும்பி வருவது. நடுவில் சிவப்பு சிக்னலில் பக்கத்து கார்க்காரனை ஒரு பார்வை. பச்சை விழுந்ததும் இரண்டு பேரும் அடுத்த சிக்னல் வரை பறப்பார்கள். சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் ராத்திரி ஆனால் நடந்தது. பகலில் ஜெனரல் மோட்டார்ஸிலும் கிறைஸ்லரிலும் ஃபோர்டிலும் இன்ஜின் வடிவமைத்தவர்களில் சிலர், இரவில் அதே கார்களை இந்தச் சாலையில் சோதித்துப் பார்த்ததாகப் பழைய ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

அந்த ஆசையை ஒரு காராக்கி விற்றது பான்டியாக் நிறுவனம். நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. பான்டியாக்கின் பொறியாளர்கள், குறிப்பாக ஜான் டெலோரியன் தலைமையில் இருந்தவர்கள், விதியில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தார்கள். தனி மாடலாக அறிவிக்காமல், ‘டெம்பஸ்ட் லெமான்ஸ்’ காரை வாங்குபவர் சுமார் 296 டாலர் கூடுதலாகக் கொடுத்துக் கேட்டால் 389 கன அங்குல வி-8 கிடைக்கும் என்றார்கள். அதாவது, 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைத் திறன். மூன்று கார்புரேட்டர் வைத்தது என்றால் 348. அதுதான் 1964-ன் ஜி.டி.ஓ. ஐந்தாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் ஆண்டில் 32,450 விற்றது. ‘மஸில் கார்’ காலத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட கார் என்று இதைத்தான் பலரும் சொல்வார்கள்.

அதுவும் போதவில்லை சிலருக்கு. ராயல் ஓக்கில் இருந்த ‘ராயல் பான்டியாக்’ என்ற டீலர், ‘பாப்கேட்’ என்ற பெயரில் ஒரு மேம்பாட்டுப் பொட்டலத்தை விற்றார். இன்ஜினின் அழுத்தத்தைக் கூட்ட மெலிதான ஹெட் கேஸ்கட், கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட், தீப்பொறி விழும் நேரத்தில் ஒரு திருத்தம். பெரிய செலவு இல்லாத சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஆனால், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்குப் போட்டுச் சேர்க்கப்பட்டவை. தபாலிலும் அனுப்பினார்கள்.

அந்தப் பொட்டலத்தில் இல்லாத ஒன்று, பிரேக்.

நிறுத்துவது யார்?

1964 ஜி.டி.ஓ-வுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். விட்டம் ஒன்பதரை அங்குலம். காரின் எடையோ ஒன்றரை டன்னுக்கும் மேல். முதல் முறை அழுத்தினால் நன்றாகவே நிற்கும். வேகமாகப் போய் அடுத்தடுத்து நாலைந்து முறை அழுத்தினால் டிரம்முக்குள் சூடு ஏறும், உராய்வு குறையும், மிதி கால் கீழே போகப் போக கார் நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய கார் ஓட்டியவர்களுக்கு இந்த பயம் நன்றாகத் தெரியும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. அந்தக் கால கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து பிரேக் ஆயில் ஒரே அறையிலிருந்துதான் போகும். எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை வைத்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர், அமெரிக்க கார்களில் 1967 மாடலிலிருந்துதான் பரவலாக வந்தது.

இங்கேதான் அந்தக் கேள்விக்கு உயிர் வருகிறது. அப்பா விட்டுப்போன ஒரு ஜி.டி.ஓ கராஜில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் பணம் இந்த ஆண்டு ஒரே ஒரு பெரிய வேலைக்குத்தான் போதும். பளபளக்கும் புதிய கார்புரேட்டரும் இன்டேக் மேனிஃபோல்டும் வாங்கினால் பானெட்டைத் திறந்ததும் கூட்டம் கூடும். பிரேக் வேலை செய்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் உட்காரப்போவது பேரப் பிள்ளைகள். பணத்தை எதில் போடுவது?

கணக்கு எளிது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். குதிரைத் திறனைக் கூட்டும் ஒவ்வொரு மாற்றமும் பிரேக்குக்குக் கூடுதல் வேலை வைக்கிறது. அதனால், அனுபவசாலிகள் போடும் வரிசையில் முதலில் வருவது இரட்டை மாஸ்டர் சிலிண்டர், புதிய பிரேக் குழாய்கள், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும்.

பிரேக்கை முதலில் முடிவு செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஜி.டி.ஓ-வின் சக்கரம் 14 அங்குலம். சில டிஸ்க் பிரேக் செட்டுகள் அதற்குள் அடங்காது, 15 அங்குலச் சக்கரம் வேண்டும். அழகான சக்கரத்தையும் டயரையும் முதலில் வாங்கியவர், பிறகு பிரேக்குக்காக இரண்டையும் மறுபடி வாங்க நேரும். வரிசை தப்பினால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம்!

பிரேக் வேலையோடு வேலையாக இருக்கை பெல்ட்டையும் பார்த்துவிட வேண்டும். தோள்பட்டையைப் பிடிக்கும் பெல்ட் அமெரிக்காவில் முன்சீட்டுக்குக் கட்டாயமானதே 1968-ல்தான்.

தரையைத் தொடுவது டயர் மட்டும்தான்

அடுத்தது டயர். 400 குதிரைத் திறன் இருந்தாலும் அது சாலையில் இறங்குவது, நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சின்ன இடங்களின் வழியாகத்தான். பிடிப்பில்லாத டயரில் கூடுதல் திறன் புகையாகத்தான் போகும். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கடைசியில் காரை நிறுத்துவதும் டயரின் பிடிப்புதான்.

மஸில் கார்கள் வந்த காலத்தில் அவற்றில் இருந்தவை குறுக்கு இழை கொண்ட பழைய வகை டயர்கள். சாலையில் ஒரு பள்ளக் கோடு இருந்தால் அதன் போக்கிலேயே காரை இழுத்துக்கொண்டு போகும். பழைய தோற்றத்தை விடாமலேயே இன்றைய ரேடியல் டயர் கிடைக்கிறது. பக்கவாட்டில் சிவப்புக் கோடு போட்டதுகூட உண்டு.

பூ தேயவில்லை என்பதால் டயர் நல்லது என்று நினைப்பதும் தவறு. ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் காரில் டயர் தேயாது, வயதாகும். ரப்பர் இறுகி, வெடித்து, ஒருநாள் கிழியும். 2000-க்குப் பின் வந்த டயர்களில் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். சென்னையில் ஸ்கூட்டர் வைத்திருப்பவரும் இதைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

டயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை ஸ்டீயரிங் இணைப்புகள், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்கள். அறுபது ஆண்டு ரப்பர் மண்ணாக உதிரும். புஷ் மாற்றுவது விலை குறைந்த வேலை. மாற்றிய பிறகு காரை ஓட்டினால், ‘இது வேறு கார்’ என்று தோன்றும்.

ஆகஸ்ட் வெயிலில் ஊர்வலம்

ட்ரீம் க்ரூஸ் நாளில் உட்வர்டில் வேகம் என்பதே கிடையாது. சில இடங்களில் நடந்து போகிறவர் காரை முந்திவிடுவார். ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று வராது. சற்று நேரத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொடும். சாலையோரம் பானெட்டைத் தூக்கி வைத்து நிற்கிறவர்களில், காட்டுவதற்காக நிற்கிறவர் யார், கொதித்துப்போய் நிற்கிறவர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

எனவே மூன்றாவது இடம் குளிர்ச்சிக்கு. அடைப்பில்லாத நல்ல ரேடியேட்டர், காற்று சிதறாமல் இழுக்க ஃபேனைச் சுற்றி ஒரு கூடு, வேலை செய்யும் தெர்மோஸ்டாட். கூடவே பெட்ரோல் குழாய்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், பழைய ரப்பர் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாட்டினம் பாயின்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். செலவு குறைவு. நடுரோட்டில் நிற்கும் வாய்ப்பும் குறையும்.

இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. எட்டில் ஒன்று பலவீனமாக இருந்தால், அதன் மேல் விலை உயர்ந்த கார்புரேட்டரை வைப்பது விரிசல் விட்ட சுவருக்கு பெயின்ட் அடிப்பது போலத்தான்.

பல்சக்கரக் கணக்கு

இதெல்லாம் முடிந்த பிறகு வேகத்துக்கு வரலாம். அங்கேயும் முதலில் கைவைப்பது இன்ஜினில் இல்லை, பின்ஆக்ஸிலில். உள்ளே இருக்கும் கியர் விகிதத்தை 3.08-லிருந்து 3.90-க்கு மாற்றினால், இன்ஜினைத் தொடாமலேயே சிக்னலில் கார் பாய்ந்து கிளம்பும்.

ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. 27 அங்குல உயரமுள்ள டயர் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 750 முறை சுற்றும். மணிக்கு 60 மைல் வேகத்தில், 3.08 விகிதம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 2,300 முறை சுழலும். 3.90 என்றால் அதே வேகத்துக்கு 2,900-ஐத் தாண்டும். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பெட்ரோலும் அதற்கேற்பக் கரையும். உட்வர்டில் மட்டும் உருட்டுவதற்கா, குடும்பத்தோடு வெளியூர் போவதற்கா? காரை எதற்காக வைத்திருக்கிறோம் என்பது தெளிவானால்தான் கியர் விகிதம் தெளிவாகும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டியைத் தேடுகிறார்கள்.

கடைசியில் இன்ஜின். எக்ஸாஸ்ட், இன்டேக், கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட் நான்கும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மற்றவை ஈடுகொடுக்காது. சாதாரண இன்ஜின் மேல் மிகப் பெரிய கார்புரேட்டரை வைத்தால், குறைந்த வேகத்தில் கார் திக்கித் திணறும். பெரிய கேம்ஷாஃப்ட் வைத்தால் நின்ற இடத்தில் ‘டக்-டக்-டக்’ என்று குலுங்கும் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு மயங்காத உட்வர்டு ரசிகர் கிடையாது. ஆனால், அதே கேம்ஷாஃப்ட் இன்ஜினுக்குள் உருவாகும் வெற்றிடத்தைக் குறைத்துவிடும். பவர் பிரேக் வேலை செய்வது அந்த வெற்றிடத்தை நம்பித்தான். சத்தத்துக்கு ஆசைப்பட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகிப் போகலாம். இன்ஜின் வேலைக்குத் திட்டம் போடும்போதும் பிரேக்கை மறக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கறுப்புப் பேய் சொன்ன வரிசை

உட்வர்டின் கதைகளில் மிகவும் பிரபலமானது ‘பிளாக் கோஸ்ட்’ காருடையது. கறுப்பு நிற 1970 டாட்ஜ் சேலஞ்சர். எழுபதுகளின் தொடக்கத்தில் இரவில் திடீரென்று வரும். பந்தயத்தில் ஜெயிக்கும். பேச்சுக் கொடுப்பதற்குள் மறைந்துவிடும். பிறகு பல வாரங்களுக்குக் கண்ணிலேயே படாது. ஓட்டியவர் யார் என்பது ரொம்ப காலம் ரகசியம். ரகசியத்துக்குக் காரணம் இருந்தது. காட்ஃப்ரி குவால்ஸ் என்ற அவர், டெட்ராய்ட் போலீஸில் மோட்டார் சைக்கிள் பிரிவில் வேலை பார்த்தவர்!

அவர் அந்த காரை மெக்கானிக் கடையில் மேம்படுத்தவில்லை, ஆர்டர் படிவத்திலேயே மேம்படுத்தினார். 426 கன அங்குல ‘ஹெமி’ இன்ஜின், நான்கு கியர் பெட்டி, கூடவே ‘சூப்பர் ட்ராக் பேக்’. அந்தப் பொட்டலத்தில் 4.10 விகிதப் பின்ஆக்ஸிலோடு பெரிய ரேடியேட்டரும், முன்சக்கரங்களுக்கு பவர் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தன. ஜி.டி.ஓ வந்து ஆறே ஆண்டுகளில் தொழிற்சாலைக்காரர்களே பாடம் படித்திருந்தார்கள். கிளம்புவது, சூடு தாங்குவது, நிற்பது மூன்றையும் ஒரே விலைச் சீட்டில் எழுதிவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவிலிருந்து அந்தக் கார் பல ஆண்டுகள் கராஜிலேயே கிடந்தது. விற்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் குவால்ஸ் தரவில்லை. 2015-ல் இறப்பதற்கு முன் மகனிடம் ஒப்படைத்தார். பழைய பெயின்ட்கூட மாறாத அந்த கார் 2020-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பிடித்தது. 2023-ல் ஏலத்தில் கட்டணங்களையும் சேர்த்து பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காரோடு பிறந்த இன்ஜினும் பாகங்களும் அப்படியே இருந்தால் மதிப்பு தனி. அதனால், கழற்றி மாட்டக்கூடிய மாற்றங்களையே முதலில் செய்வது நல்லது. சேஸிஸை வெட்டுவது, ஓட்டை போடுவது போன்ற திரும்ப முடியாத வேலைகளைத் தள்ளிப்போட வேண்டும். கழற்றிய டிரம், பழைய கார்புரேட்டர் எதையும் எடைக்குப் போடாமல் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்தால், அடுத்த தலைமுறை நன்றி சொல்லும்.

அணைந்து, மீண்டும் எரிந்த விளக்கு

மஸில் கார்களின் பொற்காலம் பத்து ஆண்டுகள்தான். இளைஞர்கள் ஓட்டும் அதிவேக கார்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. 1974-ம் ஆண்டு மாடலோடு பழைய ஜி.டி.ஓ முடிந்தது. 2010-ல் பான்டியாக் என்ற பெயரே கார்களிலிருந்து மறைந்தது. 2013-ல் டெட்ராய்ட் மாநகராட்சி திவால் மனு கொடுத்தது.

ஆனால், உட்வர்டு மக்கள் அதற்கு முன்பே ஒரு விளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள். ஃபெர்ன்டேலில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் தேவைப்பட்டது. நெல்சன் ஹவுஸ் என்ற உள்ளூர் பிளம்பரும் நண்பர்களும், பழைய கார்களை வைத்து ஓர் ஊர்வலம் நடத்தலாம் என்றார்கள். 1995 ஆகஸ்டில் முதல் ட்ரீம் க்ரூஸ். முப்பது, நாற்பதாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் வரும் கூட்டத்தை லட்சங்களில் சொல்கிறார்கள். ஓடும் பழைய கார்கள் மட்டும் நாற்பதாயிரம் இருக்கும் என்பது விழா நடத்துபவர்களின் கணக்கு.

வேகத்தை அடக்க முடியாதவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. உட்வர்டின் வடகோடியில், பான்டியாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய தொழிற்சாலை நின்ற நிலத்தில் ‘எம்-1 கான்கோர்ஸ்’ என்ற தனியார் ஓட்டப் பாதை அமைந்திருக்கிறது. ஒன்றரை மைல் சுற்று. பாதுகாப்பு வளையத்துக்குள் ஓட்டிக்கொள்ளலாம்.

போக நினைப்பவர்களுக்கு...

மிச்சிகனில் கார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் அங்கே போகும் அப்பா, அம்மாக்கள் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ட்ரீம் க்ரூஸுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை நெரிசல் தாங்காது என்பவர்கள் வியாழன், வெள்ளி மாலைகளில் போனால் கார்களை நிதானமாகப் பார்க்கலாம். உரிமையாளர்களும் பேச நேரம் வைத்திருப்பார்கள். தொப்பி, தண்ணீர், மடக்கு நாற்காலி மூன்றும் அவசியம். அனுமதி கேட்காமல் காரைத் தொடக் கூடாது.

தெற்கே டெட்ராய்ட் நகருக்குள், உட்வர்டின் மேலேயே இருக்கிறது டெட்ராய்ட் கலைக்கூடம். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932, 33-ல் கார் தொழிற்சாலையையும் தொழிலாளர்களையும் சுவர் முழுக்கத் தீட்டியது அங்கே இருக்கிறது. நகர மையத்திலிருந்து உட்வர்டிலேயே ‘க்யூலைன்’ டிராம் ஓடுகிறது. வடக்கே பெர்க்லியில், 1919-ல் தொடங்கிய ‘வின்செட்டா கராஜ்’ இப்போது உணவகம். ஒருகாலத்தில் கார்கள் பழுதுபார்க்கப்பட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடலாம். சாலை முடியும் பான்டியாக்கில் பராசக்தி கோயில் இருக்கிறது. கருமாரியம்மனை தரிசித்துவிட்டுத் திரும்பலாம்.

நடைபாதையில் எந்த உரிமையாளரிடமும் பேச்சுக் கொடுக்க, ‘எத்தனை குதிரைத் திறன்?’ என்று கேட்பதுதான் வழக்கம். அதை எல்லோரும் கேட்பார்கள். ‘பிரேக் என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். வேலை தெரிந்தவராக இருந்தால் முகம் மலரும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். முதல் ஆண்டு என்ன செய்தார், காசு சேர்ந்த பிறகு அடுத்த ஆண்டு என்ன செய்தார் என்று வரிசையாகச் சொல்லுவார். அந்த வரிசையில் இன்ஜின் எத்தனாவது இடத்தில் வருகிறது என்று மட்டும் கவனித்தால் போதும்.